பவளத்துக்கு எந்த விளக்கு?

கடல் மீன் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்க எந்த விளக்கு நல்லது என்று என்னிடம் கேட்கிறவர்கள் சமீபகாலமாக அதிகமாகிவிட்டார்கள். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி, கல்யாணமாகி இருபத்து நாலு வருஷமாகத் திருவானைக்காவலில் குடித்தனம் பண்ணுகிறவள் நான். எனக்குத் தெரிந்த விளக்கு குத்துவிளக்கும் சமையலறை ட்யூப் லைட்டும்தான். ஆனால் சிங்கப்பூரில் தம்பி வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்ததில் இந்த ஒரு விஷயம் மட்டும் கொஞ்சம் ஆழமாகவே தெரிந்துபோயிற்று. தெரிந்ததை எழுதிவிடுகிறேன். நம் ஊரில் இதில் இறங்க நினைக்கிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

பவளம் என்றதும் நமக்கு நகைதான் ஞாபகம் வரும். கழுத்தில் கோத்துப் போடுகிறோமே, அந்தச் சிவப்புப் பவளம் வேறு ஜாதி. அது பெரும்பாலும் மத்தியதரைக் கடலில், பாறை இடுக்கிலும் குகை ஓரத்திலும் மங்கல் வெளிச்சத்தில் வளர்கிறது. தண்ணீரில் மிதந்து வரும் நுண்ணிய உயிர்களைப் பிடித்துத் தின்று பிழைக்கிறது. அதற்கு வெயில் வேண்டாம். நான் சொல்ல வந்தது பாறை கட்டும் பவளம். ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் கடலுக்கடியில் திட்டுத் திட்டாக இருக்கிறதே, அது. அதற்கு வெளிச்சம் இல்லாவிட்டால் ஜீவனம் இல்லை.

என் அப்பா கடைசி நாலு வருஷம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். 2020 மே மாதம் காலமானார். தம்பியால் வர முடியவில்லை. விமானம் ஓடாத சமயம். பெரியப்பா மகன் கொள்ளி வைத்தார். தம்பி சிங்கப்பூரிலிருந்து போனில் பார்த்துக்கொண்டே நின்றான். அதற்கப்புறம் அவன் பேச்சே குறைந்துவிட்டது. அங்கே கெடுபிடி தளர்ந்து கடைகள் திறந்ததும் மூன்றடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி, உப்புத் தண்ணீர் நிரப்பி, பவளம் வைக்க ஆரம்பித்தான். முதலில் வாங்கியது 'டார்ச்' என்கிற ஜாதி. கல் தண்டின் நுனியில் கைவிரல் மாதிரிக் கொத்தாக நீண்டு, தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பானாம். தம்பி மனைவிதான் போனில் சொல்லுவாள். "பேசாம இருக்கறதுக்கு இது தேவலை அக்கா" என்பாள். ஆனால் பில் வருகிற தேதியில் அதே வாய் வேறு மாதிரி பேசும். அதுவும் நியாயம்தான்.

2023 ஜூனில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு பெண் குழந்தை, எட்டு வயசு. ஒத்தாசைக்கு நான் கிளம்பினேன். நம் திருச்சியிலிருந்தே நேராக விமானம் இருக்கிறது, நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நான் போய் இறங்கின வாரம்தான் தம்பி தொட்டிக்குப் புது விளக்கு வாங்கினான். வீட்டில் ஒரு பெரிய சண்டையும் அதோடு வந்து இறங்கிற்று.

சண்டையைச் சொல்வதற்கு முன்னால் பவளத்துக்கு ஏன் வெளிச்சம் என்று சொல்லிவிடுகிறேன். நானும் முதலில் ஜோடனைக்குத்தான் விளக்கு என்று நினைத்தேன். தம்பி சொன்னான், "அக்கா, இது வெளிச்சம் இல்லே, சாப்பாடு." பவளம் செடி இல்லை, கல்லும் இல்லை. பூச்சி மாதிரி சின்னச் சின்னப் பிராணிகள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்கின்றன. அந்தப் பிராணியின் சதைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசி குடியிருக்கிறது. ஜூவோசாந்தெல்லே என்று வாயில் நுழையாத ஒரு பேர். பாசி வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு சர்க்கரை சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பங்கை வீட்டுக்காரரான பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. குடித்தனக்காரர் வாடகைக்குப் பதில் சமைத்துப் போடுகிற மாதிரி! பவளத்தின் பழுப்பு நிறம் அந்தப் பாசியால் வருவதுதான். ஆக, விளக்கு வாங்குவது நம் கண்ணுக்கு அல்ல, அந்தப் பாசிக்கு.

அப்படியானால் எந்த வெளிச்சம்? கடலுக்குள் இறங்க இறங்க வெயிலில் உள்ள சிவப்பு முதலில் தண்ணீரில் கரைந்துபோகும். சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே சிவப்பு மங்கிவிடும். அடியில் போய்ச் சேருவது நீலம்தான். அந்தப் பாசியும் நீலத்தை நன்றாக உபயோகப்படுத்திக்கொள்ளப் பழகியிருக்கிறது. அதனால்தான் பவளத் தொட்டி விளக்கெல்லாம் நீலம் தூக்கலாக இருக்கிறது. பெட்டியின் மேல் 'கெல்வின்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். வீட்டில் மஞ்சள் பல்பு 2,700 கெல்வின். பகல் வெளிச்சம் மாதிரியான வெள்ளை பல்பு 6,500. பவளத்துக்கு விற்பது 14,000, 20,000 என்று போகும். எண் ஏற ஏற நீலம் கூடுகிறது, அவ்வளவுதான். உஷ்ணம் கூடுகிறது என்று அர்த்தமில்லை. நான் முதலில் அப்படித்தான் கேட்டுவைத்தேன், என் மருமகள் குட்டி சிரித்தாள்.

நீல விளக்கில் இன்னொரு வேடிக்கை. சில பவளங்கள் நீலத்தை வாங்கி, பச்சையாகவும் ஆரஞ்சாகவும் தாங்களே ஒளிர்கிற மாதிரித் திருப்பிக் கொடுக்கின்றன. இது அழகு மட்டும் இல்லை. மாஸ்கோவில் மீன் தொட்டிப் பிரியர்கள் வளர்த்த பவளங்களிலிருந்துதான் சிவப்பாக ஒளிரும் ஒரு புரதத்தை ரஷ்ய விஞ்ஞானிகள் எடுத்தார்கள். 1999-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்த மாதிரிப் புரதங்களை இன்று ஆராய்ச்சிக்கூடங்களில் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அடையாள விளக்காக உபயோகிக்கிறார்கள். யாரோ வீட்டுக் கூடத்தில் வைத்த தொட்டி எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள்.

இப்போது கடையில் கிடைக்கிற தினுசுகள். தம்பி வீட்டுக்கு மூன்றுமே வந்து போயிருக்கின்றன. முதலில் 'மெட்டல் ஹாலைட்' போட்டான். விளையாட்டு மைதானத்தில் போடுகிற விளக்கின் தங்கை. ஒற்றை பல்பிலிருந்து வெயில் மாதிரி இறங்கும், தொட்டியின் அடியில் அலை நிழல் ஆடும், பார்க்க அத்தனை அழகு. ஆனால் அடுப்பு மாதிரி கொதிக்கும். பவளத் தொட்டித் தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும். சிங்கப்பூரிலோ வெளியிலேயே 30 டிகிரிக்கு மேல். விளக்கு ஒரு பக்கம் தண்ணீரைச் சூடாக்க, குளிரூட்டும் மெஷின் இன்னொரு பக்கம் ஆற வைக்க, இரண்டுக்கும் சேர்த்து இவன் பணம் கட்டினான். ஒரு கையால் அடுப்பை மூட்டி மறு கையால் விசிறுகிற கதை.

அதை எடுத்துவிட்டு மெல்லிய ட்யூப் லைட்டுகளாக ஆறு போட்டான். 'டி ஃபைவ்' என்று பெயர். ஒவ்வொன்றும் 39 வாட். வெளிச்சம் பந்தி பரிமாறுகிற மாதிரி எல்லா இடத்துக்கும் சமமாகப் போகும், நிழல் விழாது. எனக்குக் கேட்டால் இதுதான் சாதுவான விளக்கு. கஷ்டம் என்னவென்றால், ட்யூப் எரிந்துகொண்டே இருக்கும்போதே அதன் நீலம் மங்கிக்கொண்டு வரும். நம் கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது மாதம், ஒரு வருஷத்துக்கு ஒரு தரம் ஆறையும் மாற்றியாக வேண்டும். "நல்லா எரியற ட்யூபைக் கழட்டிப் போடறாரே அக்கா" என்று தம்பி மனைவி வயிறெரிந்தது இதற்குத்தான்.

மூன்றாவது எல்.இ.டி. நான் போன வாரம் வந்தது அதுதான். கணக்கு போட்டுப் பார்த்தால் அவன் வாங்கினதில் தப்பே இல்லை. ஆறு ட்யூப் 234 வாட், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், மாதத்துக்கு 63 யூனிட். எல்.இ.டி.யை அளவாக ஓட்டினால் 110 வாட் போதும், மாதம் 30 யூனிட்டுக்குள் அடங்கும். சூடும் குறைவு, குளிரூட்டும் மெஷினுக்கும் வேலை குறைவு. நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு என்று போனிலேயே கூட்டிக் குறைக்கலாம். காலையில் மெதுவாக விடிந்து, சாயங்காலம் மெதுவாக அஸ்தமிக்கிற மாதிரிகூட வைக்கலாம்.

வினை அங்கேதான். புது விளக்கைப் போட்டதும் பழசைவிட இருட்டாக இருக்கிற மாதிரி எல்லோருக்கும் தோன்றிற்று. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பளிச்சென்று படும், நீலம் எவ்வளவு பலமாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும். தம்பி இதை நம்பி முழு வேகத்தில் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டான். ஐந்தாம் நாள் சாயங்காலம் தொட்டியில் மேல்மட்டத்தில் இருந்த கிளைப் பவளம் நுனி வெளுத்திருந்தது. எட்டாம் நாள் டார்ச் பவளத்தின் விரல்களெல்லாம் உள்ளே சுருங்கி, நிறம் போய், கண்ணாடி மாதிரி ஆகி அடியில் இருக்கிற கல் தெரிந்தது. அது அப்பா போன வருஷம் வாங்கிய பவளம் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் சாப்பிடாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வயிற்றில் தையல் போட்ட அவன் மனைவி, தன்னைப் பார்க்காமல் மீன் தொட்டியைப் பார்க்கிறாரே என்று அறையில் அழுதாள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் ரசம் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

வெளுத்துப்போவது என்றால் செத்துப்போவது இல்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அளவுக்கு மீறி வெளிச்சம் பட்டாலோ சூடு ஏறினாலோ உள்ளே இருக்கிற பாசியே விஷமாக மாற ஆரம்பிக்கிறதாம். பவளம் அதை வெளியே துப்பிவிடுகிறது. பாசி போனால் நிறம் போகிறது, சாப்பாடும் போகிறது. சதை இன்னும் உயிரோடுதான் இருக்கும். சீக்கிரம் சரிசெய்தால் பாசி திரும்பக் குடியேறும். இல்லாவிட்டால் பட்டினியில் போய்விடும். நம் மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது இதே கதைதான்.

மறுநாள் தம்பி ஒரு கடையிலிருந்து வெளிச்சம் அளக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து வந்தான். இந்தக் கட்டுரையில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டென்றால் அது இந்தக் கருவிதான். பாசி சமைப்பதற்கு உதவும் வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும் அது அளக்கிறது. 'பார்' என்று சொல்கிறார்கள். உச்சி வெயிலில் சுமார் 2,000 காட்டும். தொட்டியில் அவ்வளவு வேண்டாம். காளான் மாதிரியும் தோல் மாதிரியும் இருக்கிற மெத்துப் பவளங்களுக்கு 50 முதல் 150 வரை. டார்ச் மாதிரி சதைப்பற்றுள்ள கல் பவளங்களுக்கு 100 முதல் 200 வரை. கிளை கிளையாகப் போகும் கல் பவளங்களுக்கு 250-லிருந்து 400 வரைகூடத் தாங்கும். இதெல்லாம் உத்தேசக் கணக்கு, பழக்கத்தைப் பொறுத்தது. தம்பி தொட்டியில் மேல்மட்டத்தில் 520 காட்டிற்று. டார்ச் இருந்த நடுமட்டத்தில் 310. பழைய ட்யூப் வெளிச்சத்தில் அது ஏறக்குறைய 120-ல் மூன்று வருஷம் வாழ்ந்த ஜீவன். கம்பங்கூழ் குடித்துப் பழகின வயிற்றுக்கு ஒரே நாளில் கல்யாண விருந்து!

விளக்கை இன்னும் ஒரு முழம் உயரத் தூக்கிக் கட்டினோம். வேகத்தை 35 சதவிகிதத்துக்கு இறக்கினான். அப்புறம் வாரத்துக்கு 5 சதவிகிதம் வீதம் ஏற்றினான். ராத்திரி விளக்கணைந்த பிறகு, டார்ச் கொஞ்சம் விரலை நீட்டும் நேரம் பார்த்து, பொடி இறாலைக் குழாயில் எடுத்து அதன் வாய்க்குப் பக்கத்தில் விட்டான். பாசி சமைத்துப் போடாத நாளில் கையால் ஊட்ட வேண்டும். இந்த வேலையை நாலாவது நாளிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன். குழந்தைக்கு ஊட்டுகிற பொறுமை இருந்தால் போதும்.

மேலே இருந்த கிளைப் பவளம் போய்விட்டது. டார்ச்சில் ஐந்து தலை. இரண்டு உதிர்ந்தது, மூன்று தங்கிற்று. நான் ஊருக்குக் கிளம்பும்போது அந்த மூன்றின் அடியில் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பவளத்துக்கு ஒன்பது, பத்து மணி நேரம் வெளிச்சம் இருந்தால் போதும். எத்தனை மணிக்கு ஏற்றுகிறோம் என்று அது கேட்பதில்லை, தினமும் ஒரே மாதிரி இருந்தால் சரி. தம்பி ராத்திரி பதினொன்றரை வரை எரியவிட்டிருந்தான். கூடமெல்லாம் கச்சேரி மேடை மாதிரி நீலம். குழந்தை அங்கேயே படித்துவிட்டு அங்கேயே படுக்கிறவள், பன்னிரண்டு மணி வரை புரண்டுகொண்டிருப்பாள். ராத்திரியில் நீல வெளிச்சம் கண்ணில் பட்டால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது குறைகிறது என்று டாக்டர்கள் சொல்வது எல்லோருக்கும் தெரியும். பகல் பதினொன்றுக்கு ஏற்றி ராத்திரி எட்டரைக்கு அணைத்துவிடு என்று நான் சொன்னேன். ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிறவனுக்கு ஒன்றரை மணி நேரம் போதாதா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒத்துக்கொண்டான். குழந்தை ஒன்பதரைக்குத் தூங்கினாள். தம்பி மனைவி அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

எல்.இ.டி.யை நேராக உற்றுப் பார்க்கக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் தெறிக்கிற இடம் என்பதால் விளக்கின் ஒயரைச் சுவிட்சுக்குக் கீழே வளைந்து தொங்கி மேலே ஏறுகிற மாதிரி விட வேண்டும். அப்போதுதான் வழிகிற தண்ணீர் பிளக்கில் இறங்காமல் கீழே சொட்டும். இது எந்த மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

"நம் ஊர் வெயில் சும்மாதானே கிடைக்கிறது, மொட்டை மாடியில் வைத்தால் என்ன?" என்று நானும் கேட்டேன். அசட்டுக் கேள்வி இல்லையாம். இந்த வித்தையே வெயிலில்தான் ஆரம்பித்திருக்கிறது. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் வெயிலும் மட்டும் வைத்துப் பவளம் வளர்த்து, 1961-ல் அதைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். ஆனால் வெயிலைத் திருகிக் குறைக்க முடியாது. திருச்சி வெயிலில் மூன்றடித் தொட்டி மத்தியானத்துக்குள் வெந்நீராகிவிடும்.

ஊருக்கு வந்து சொன்னது என் மகன் காதில் விழுந்தது. ப்ளஸ் ஒன் படிக்கிறான். எனக்கும் பவளத் தொட்டி வேண்டும் என்று ஆரம்பித்தான். அப்போது ஒரு மீன் கடைக்காரர் அவனிடம், "கல்லோட இருக்கற உயிர்ப் பவளம் இருக்கு தம்பி, நீல லைட்டும் சேர்த்து செட்டா தர்றேன்" என்று ஆசை காட்டியிருக்கிறார். எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டேன். வெளிநாட்டுச் சரக்கு என்றார். காகிதம் காட்டுங்கள் என்றேன். விளக்கின் விலையில் நூறு ரூபாய் குறைக்கிறேன் என்று பேச்சை மாற்றினார். கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்குச் சந்தேகம் வந்ததற்குக் காரணம் ராமேஸ்வரம் யாத்திரை. பவளம் எடுக்காதே, விற்காதே என்று அந்தப் பக்கம் எழுதிப் போட்டிருப்பதை முன்பே பார்த்திருந்தேன். வீட்டுக்கு வந்து மகனையே சட்டத்தைத் தேடிப் படிக்கச் சொன்னேன். 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-ல் பாறை கட்டும் கல் பவளம் அத்தனையையும் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் அதில் உண்டு. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. தண்டனை மூன்று வருஷத்திலிருந்து ஏழு வருஷம் வரை சிறை. வாஸ்துவுக்கு நல்லது, திருஷ்டி கழியும் என்று 'இந்திரஜால்' என்ற பெயரில் சட்டம் போட்டு விற்கிறார்களே, விசிறி மாதிரிக் கறுப்பாக, அதுவும் இந்தப் பட்டியலில் உள்ள கடல் ஜீவன்தான். பூஜை அறையில் மாட்டி வைத்திருக்கும் சகோதரிகள் கவனிக்கவும்.

சட்டத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையைப் படகு படகாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். அலையைத் தடுக்கும் பாறை போய், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் அமிழ்ந்தே போயின. இப்போது தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் உடைந்த துண்டுகளைக் கட்டி வைத்துத் திரும்ப வளர்க்கப் பாடுபடுகிறார்கள். ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பக்கம் நாம் கூடத்து அலங்காரத்துக்குப் பிடுங்குவதா?

மகனுக்குச் சொன்னது சுலபமாக முடிந்தது. தம்பிக்குச் சொன்னதுதான் கஷ்டம்.

2024 பொங்கலுக்கு அவன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அப்பா காலமான பிறகு முதல் பொங்கல் அல்ல, ஆனால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கப்போகிற முதல் தடவை. டிசம்பரில் போன் செய்தான். டார்ச் பவளம் தேறி நாலாவது தலை விட்டிருக்கிறது, ஒரு தலையை வெட்டி டப்பாவில் தண்ணீர் ஊற்றிக் கொண்டு வருகிறேன் என்றான். "நாலு மணி நேரம்தானே அக்கா, தாங்கும். மாப்பிள்ளைக்கு ஒரு சின்னத் தொட்டி வெச்சுக் குடுத்துட்டுப் போறேன். அப்பா இருந்த ரூம்ல இருக்கட்டும்."

எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. அவன் கொண்டு வருவது ஒரு தலை பவளம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? கொள்ளி வைக்க வராதவன் அப்பா அறைக்கு ஏதோ ஒன்று கொண்டு வருகிறேன் என்கிறான். "வேண்டாம்டா" என்றேன். அங்கே நீ பில்லோடு கடையில் வாங்கினது அங்கே சரி. எல்லை தாண்டுகிற பவளத்துக்கு இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும், இங்கே வீட்டில் வைத்திருப்பதே குற்றம், திருச்சி ஏர்போர்ட்டில் உன்னையும் குழந்தையையும் நிறுத்தி வைத்தால் அப்பா பேர்தான் அடிபடும் என்று சொன்னேன். "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்தான். பத்து நாள் போன் இல்லை. இவர்கூட "கொஞ்சம் பக்குவமாகச் சொல்லியிருக்கலாமே" என்றார். இதில் என்ன பக்குவம் இருக்கிறது? பொங்கலுக்கு வருவானா மாட்டானா என்றுதான் எனக்கு ராத்திரியெல்லாம் ஓடிற்று.

பதினோராம் நாள் நானே கூப்பிட்டேன். "பவளம் வேண்டாம், விளக்கு கொண்டு வா" என்றேன். எந்த மாதிரி என்று கேட்டான். அதைக் கேட்டதுமே எனக்கு உயிர் வந்தது. நல்ல தண்ணீர்ச் செடிக்கு ஏற்ற மாதிரி, 6,500 கெல்வின், வெள்ளை, திருகிக் குறைக்கிற வசதியோடு என்று நான் அடுக்கினேன். "நீயா பேசறே அக்கா?" என்றான்.

கொண்டு வந்தான். மகனும் அவனுமாக அப்பா இருந்த அறையில் இரண்டரை அடித் தொட்டி வைத்தார்கள். வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் நட்டு, கப்பியும் மோலியும் விட்டார்கள். லிங்கத்தடியில் நீர் ஊறும் ஊரில் குடியிருந்துகொண்டு உப்புத் தண்ணீர் எதற்கு என்று என் மாமியார் ஒரு போடு போட்டார். இங்கேயும் விளக்கின் சட்டம் அதேதான். அளவு மீறினால் பவளம் வெளுக்கிறது, செடித் தொட்டியில் நூல் மாதிரிப் பாசி படர்கிறது. மகன் பத்து மணி நேரம் எரியவிட்டதில் மூன்றாவது வாரம் கண்ணாடியெல்லாம் பச்சை. ஏழு மணி நேரமாகக் குறைத்து, அரை வேகத்தில் வைத்து, வாரா வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றினோம். மாசி மாதத்துக்குள் பாசி அடங்கிற்று. நம் வீடுகளில் இருக்கும் அளவுக்கு இது தாராளமாகப் போதும். சாதாரண பகல் வெளிச்ச எல்.இ.டி. 20 வாட்டிலேயே வேலம்பாசி தழைக்கிறது, நீல விளக்கெல்லாம் தண்டச் செலவு.

உயிர்ப் பவளத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்கள் ராமேஸ்வரம் போகிற வழியில் மண்டபத்தில் இறங்குங்கள். அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் கடல் ஜீவன்களைத் தொட்டிகளில் வைத்துப் பராமரிக்கிறார்கள். பையனைக் கோடை லீவில் அங்கே கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டுத் தொட்டி விளக்கு பிற்பகல் இரண்டுக்கு எரிந்து ஒன்பதுக்கு அணைகிறது. வெள்ளிக்கிழமை மட்டும் காலையிலேயே ஏற்றினால் என்ன, மங்களகரமாக இருக்குமே என்று மாமியார் கேட்டார். "தினமும் ஒரே நேரமா இருக்கணும் பாட்டி" என்று மகன் மறுத்துவிட்டான். சிங்கப்பூரில் டார்ச் பவளத்துக்கு இப்போது ஆறு தலை. குழந்தை எண்ணிச் சொன்னாள்.